வீட்டுக்குள் புகுந்த மழைநீர்: நனைந்த மெத்தை, விரிப்பை வைத்துக்கலாமா, தூக்கிப் போடணுமா? முழு விவரம்

வடகிழக்குப் பருவமழை வலுத்தாலே கொடுங்கையூர்வாசிகளுக்கு முதல் கவலை ஒன்றுதான்: இந்த முறை தண்ணி வாசப்படியைத் தாண்டுமா, தாண்டாதா? முத்தமிழ் நகர், ஆர்.ஆர். நகர், எழில் நகர் என எந்தத் தாழ்வான தெருவில் கேட்டாலும் இதே பேச்சுதான். தண்ணீர் வடிந்த பிறகு அடுத்த கேள்வி வந்து நிற்கும். நனைஞ்ச மெத்தையை என்ன செய்வது? தரையில் போட்ட விரிப்பு, பாய், சோபா எல்லாம் காய்ந்தால் போதுமா?

'வெயில் அடிச்சா காய்ஞ்சிடும்' என்று மாடியில் போட்டுவிட்டு, நாலு நாள் கழித்து அதே மெத்தையில் பிள்ளைகளைப் படுக்க வைப்பது பல வீடுகளில் நடக்கிறது. ஆனால் ஒரு பொருள் காய்ந்துவிட்டதா என்பது முக்கியமே இல்லை. அதை நனைத்தது எந்தத் தண்ணீர், எத்தனை மணி நேரம் ஈரமாக இருந்தது என்ற இரண்டும்தான் முடிவு செய்யும். அது எப்படி என்று பார்க்கலாம்.

கொடுங்கையூரில் ஏன் வீட்டுக்குள் தண்ணீர் வருகிறது?

வெளிநாடுகளில் வீட்டுக்கு அடியில் தனி அறை இருக்கும். தண்ணீர் முதலில் அங்கேதான் இறங்கும். நம் ஊரில் அப்படி அறை கிடையாது. கொத்தனார்கள் 'பேஸ்மட்டம்' என்று சொல்வது, தரையிலிருந்து வீட்டுத் தளம் வரை எழுப்பும் உயரத்தைத்தான். வீடு கட்டும்போது மூன்றடி பேஸ்மட்டம் போட்டிருப்பார்கள். பழைய சாலைக்கு மேலேயே திரும்பத் திரும்பப் புதிய சாலை போட்டதில், அந்த மூன்றடி கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துவிடும். கடைசியில் ரோடு மேலே, வீடு பள்ளத்தில். கீழ்த்தளமே பாதாள அறை மாதிரி ஆகிவிடுகிறது.

பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிய சாலை போட வேண்டும் என்று 2021-ல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு அறிவுறுத்தினார். ஆனால் அதற்கு முன்பே உயர்ந்துவிட்ட சாலைகளின் ஓரம் இருக்கும் வீடுகள் பள்ளத்தில்தான் இருக்கின்றன.

இன்னொரு காரணம் வடிகால். கொடுங்கையூர் கால்வாய், வியாசர்பாடி பக்கம் இருந்து வரும் கேப்டன் காட்டன் கால்வாய் போன்றவை பக்கிங்ஹாம் கால்வாயில் சேர்கின்றன. அங்கிருந்து தண்ணீர் எண்ணூர் முகத்துவாரம் வழியாகக் கடலுக்குப் போக வேண்டும். பக்கிங்ஹாம் கால்வாயே நிரம்பி ஓடினால், தெருத் தண்ணீர் போக வழியில்லாமல் எதிர்த்து நிற்கும். கழிவுநீர்க் குழாய்களும் நிரம்பும். அப்போதுதான் வாசல் வழியாக மட்டுமில்லாமல், பாத்ரூம் ஓட்டை வழியாகவும் தண்ணீர் மேலே வருகிறது.

முதல் வேலை: கரண்ட்

மெத்தையைத் தூக்குவதற்கு முன்னால் மெயின் சுவிட்சைப் பார்க்க வேண்டும். 2017 நவம்பர் 1-ம் தேதி, கொடுங்கையூர் ஆர்.ஆர். நகரில் மழைநீர் தேங்கிய இடத்தில் மின்சாரம் பாய்ந்த கம்பியை மிதித்து இரண்டு சிறுமிகள் உயிரிழந்தார்கள். தேங்கிய தண்ணீருக்குள் கரண்ட் இருக்கிறதா என்பது கண்ணுக்குத் தெரியாது.

- தண்ணீர் உள்ளே வர ஆரம்பித்ததுமே, காய்ந்த இடத்தில் நின்றபடி மெயினை ஆஃப் செய்ய வேண்டும்.
- மெயின் பெட்டி வரை தண்ணீர் இருந்தாலோ, அதைத் தொடத் தண்ணீரில் நிற்க வேண்டியிருந்தாலோ, கிட்டே போகவே கூடாது. மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்குச் சொல்லித் தெரு இணைப்பைத் துண்டிக்க வேண்டும்.
- இன்வெர்ட்டரை மறந்துவிடக் கூடாது. தெருவில் கரண்ட் இல்லாவிட்டாலும், இன்வெர்ட்டர் வீட்டு ஒயரில் மின்சாரத்தை அனுப்பிக்கொண்டிருக்கும்.
- நனைந்த ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், மோட்டார் எதையும் 'ஓடுதான்னு பாப்போம்' என்று போட்டுப் பார்க்கக் கூடாது. எலக்ட்ரீஷியன் சோதித்த பிறகுதான் போட வேண்டும்.
- கேஸ் சிலிண்டர் மிதந்திருந்தாலோ, மூழ்கியிருந்தாலோ ரெகுலேட்டரை மூடி வைத்து, ஏஜென்சியில் காட்டிய பிறகே அடுப்பைப் பற்ற வைக்க வேண்டும்.

எந்தத் தண்ணீர்? மூன்று வகை

நீர்ச் சேதத்தைச் சுத்தம் செய்யும் தொழிலில் உலகம் முழுக்கத் தண்ணீரை மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள். வீட்டிலும் அதே கணக்கைப் பயன்படுத்தலாம்.

முதல் வகை, நல்ல தண்ணீர். மேல்நிலைத் தொட்டி நிரம்பி வழிந்தது, குடிநீர்க் குழாய் உடைந்தது போன்றவை. கூரை ஓட்டை வழியாக நேராகச் சொட்டிய மழைநீரையும் அன்றே துடைத்துக் காயவைத்தால் இதோடு சேர்க்கலாம். இதில் நனைந்த பெரும்பாலான பொருட்களைக் காப்பாற்ற முடியும்.

இரண்டாம் வகை, அழுக்குத் தண்ணீர். வாஷிங் மெஷினிலிருந்து வெளியேறியது, பாத்திரம் கழுவியது போன்றவை. துவைக்க முடிந்ததை வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாம் வகை, கழிவு கலந்த தண்ணீர். கழிவறை வழியாக மேலே வந்தது, சாக்கடை கலந்து தெருவிலிருந்து வந்தது, கால்வாய் உடைத்துக்கொண்டு வந்தது எல்லாம் இதில் அடங்கும். பார்க்கத் தெளிவாக இருந்தாலும் கணக்கு மாறாது. கொடுங்கையூர், வியாசர்பாடி, தண்டையார்பேட்டை பகுதிகளில் தெருவிலிருந்து வீட்டுக்குள் வரும் வெள்ளத்தை மூன்றாம் வகையாகவே எடுத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு.

வடசென்னைக்கு இதில் கூடுதல் ஆபத்தும் உண்டு. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது எண்ணூர், எர்ணாவூர் பகுதிகளில் கச்சா எண்ணெய்க் கழிவு தண்ணீரோடு கலந்து, சில வீடுகளுக்குள்ளும் புகுந்தது. எண்ணெய் ஊறிய துணியை வாஷிங் மெஷினில் போடக் கூடாது, தீப்பற்றும் ஆபத்து உண்டு. எண்ணெய் ஊறிய மெத்தை, தலையணையைக் கழுவிப் பார்ப்பதில் பயனில்லை.

48 மணி நேரக் கணக்கு ஏன்?

பூஞ்சைக் காளானின் நுண்விதைகள் எல்லா வீட்டுக் காற்றிலும் இருக்கின்றன. அவை வளர ஈரம் மட்டும் கிடைத்தால் போதும். ஈரமான துணி, பஞ்சு, அட்டை, ஒட்டுப்பலகை ஆகியவற்றில் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சை வளரத் தொடங்கிவிடும். கண்ணுக்குத் தெரியும் கறுப்புப் புள்ளிகள் அதற்குப் பிறகுதான் வரும்.

ஆஸ்துமா, வீசிங் உள்ளவர்களுக்குப் பூஞ்சை மூச்சுத் திணறலை அதிகப்படுத்தும். வீசிங் இல்லாதவர்களுக்கும் தொடர் இருமல், மூக்கடைப்பு, கண் எரிச்சல் வரலாம். மழைக்காலத்தில் சென்னைக் காற்றே ஈரமாக இருப்பதால், வெறுமனே விட்டால் எதுவும் 2 நாளில் காயாது. காயவைக்க நாம்தான் ஏற்பாடு செய்ய வேண்டும்.

எதை வைத்துக்கொள்ளலாம், எதைத் தூக்கிப் போடணும்?

இலவம்பஞ்சு மெத்தை, தலையணை: நல்ல தண்ணீரில் நனைந்திருந்தால் உடனே உறையைப் பிரித்து, பஞ்சைப் பரப்பிக் காயவைத்து, மறுபடி அடித்து நிரப்பலாம். சாக்கடை கலந்த தண்ணீர் என்றால் பஞ்சைக் காப்பாற்ற முடியாது. உள்ளே போன அழுக்கு வெயிலில் காயுமே தவிர, வெளியே வராது.

ஃபோம் மெத்தை, சோபா: ஸ்பாஞ்சு போல உறிஞ்சிக்கொள்ளும். நல்ல தண்ணீர் என்றால் நிமிர்த்தி வைத்து, தண்ணீர் வடிந்ததும் இரண்டு பக்கமும் ஃபேன் வைத்து உலர்த்தலாம். 2 நாளில் நடுப்பகுதி வரை காயவில்லை என்றால் வைத்துக்கொள்ளக் கூடாது. வெள்ளத் தண்ணீர் என்றால் தூக்கிப் போடுவதுதான் ஒரே வழி. சோபாவின் மரச்சட்டம் நன்றாக இருந்தால், அதை மட்டும் கழுவி வைத்துக்கொண்டு புது ஃபோம் போடலாம்.

தரை கார்பெட்: அடியில் ரப்பர் அல்லது ஃபோம் ஒட்டிய கார்பெட்டில் வெள்ளத் தண்ணீர் ஏறினால் வைத்துக்கொள்ள வேண்டாம். நல்ல தண்ணீர் என்றால் தரையிலேயே போட்டுக் காயவைக்காமல், தூக்கித் தொங்கவிட வேண்டும். நனைந்த கார்பெட் மிகவும் கனமாக இருக்கும், ஒருவராகத் தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

ஜமுக்காளம், போர்வை, துணிகள்: துவைக்க முடிந்தவை பிழைக்கும். முதலில் சேற்றை அலசி, பிறகு சோப்புத்தூள் போட்ட வெந்நீரில் ஊறவைத்துத் துவைத்து, நல்ல வெயிலில் காயவைக்க வேண்டும். வெயில் இல்லாவிட்டால் அயர்ன் செய்வது உதவும்.

பாய்: பிளாஸ்டிக் பாயைச் சோப்பு போட்டுத் தேய்த்து, பிளீச்சிங் கரைசலில் கழுவி வைத்துக்கொள்ளலாம். கோரைப் பாயில் சாக்கடைத் தண்ணீர் ஏறினால் தூக்கிப் போட வேண்டும்.

தரை ஷீட்: பல வீடுகளில் கவனிக்காமல் விடுவது இதைத்தான். சிமென்ட் தரை மேல் விரித்த பிளாஸ்டிக் ஷீட்டின் மேல்பக்கத்தைத் துடைத்ததும் காய்ந்த மாதிரி தெரியும். அடியில் தண்ணீர் அப்படியே நிற்கும். ஷீட்டைக் கட்டாயம் உரித்து எடுத்து, இரண்டு பக்கமும் கழுவி, தரை முழுக்கக் காய்ந்த பிறகே திரும்ப விரிக்க வேண்டும்.

மரச் சாமான்: தேக்கு போன்ற கெட்டி மரத்தைக் கழுவி நிழலில் மெதுவாகக் காயவைக்கலாம். மரத்தூள் பலகையில் செய்த பீரோ, கட்டில் ஊதிவிட்டால் திரும்பாது. இரும்பு பீரோவைக் கழுவித் துடைத்து, கீல்களுக்கு எண்ணெய் விட்டால் போதும்.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்ற எல்லாக் குடும்பத்தாலும் முடியாது. தினக்கூலி வீட்டில் ஒரு மெத்தை என்பது பெரிய செலவு, தூக்கிப் போட மனசு வராது. அப்படியானால் வரிசை வைத்துக்கொள்வது நல்லது. கைக்குழந்தை, வீசிங் உள்ளவர், கர்ப்பிணி, வயதானவர் ஆகியோருக்கு முதலில் காய்ந்த படுக்கை கிடைக்க வேண்டும். மற்றவர்கள் புது மெத்தை வாங்கும் வரை கழுவிய பிளாஸ்டிக் பாய் மேல் துவைத்த ஜமுக்காளம் விரித்துப் படுக்கலாம். சாக்கடை ஊறிய மெத்தையை விட அது எவ்வளவோ மேல்.

தரையும் சுவரும்: எப்படிச் சுத்தம் செய்வது?

சேறு காய்ந்து இறுகுவதற்குள் தள்ளிவிட வேண்டும். வரிசை இதுதான்: முதலில் சேறு, அடுத்து சோப்புத் தண்ணீர், கடைசியில் பிளீச்சிங். அழுக்கு மேல் பிளீச்சிங் பவுடரைத் தூவினால் வாடைதான் மாறும், கிருமி சாகாது.

33 சதவீத குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடர் என்றால், 10 லிட்டர் பக்கெட் தண்ணீருக்கு சுமார் 150 கிராம் கரைக்க வேண்டும். தரையிலும், தண்ணீர் ஏறிய உயரம் வரை சுவரிலும் ஊற்றித் தேய்த்து, அரை மணி நேரம் விட்டுக் கழுவ வேண்டும். கதவு, ஜன்னல் திறந்திருக்க வேண்டும். கையுறை, மாஸ்க், கால் முழுக்க மூடும் பூட்ஸ் அவசியம்.

ஒரு எச்சரிக்கை. பிளீச்சிங் பவுடரோடு பாத்ரூம் ஆசிட்டைச் சேர்க்கவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் நச்சான குளோரின் வாயு வரும். மூடிய பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து.

வேகமாகக் காயவைப்பது எப்படி?

மழை விட்ட நேரத்தில் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து காற்று ஓடவிட வேண்டும். மழை பெய்யும்போது மூடிவிடலாம். எலக்ட்ரீஷியன் பார்த்து கரண்ட் வந்த பிறகு, டேபிள் ஃபேனை ஜன்னலைப் பார்த்துத் திருப்பி வைத்தால் ஈரக் காற்று வெளியே போகும். ஏசி இருந்தால் 'டிரை' மோடில் போடலாம். பீரோ, கட்டிலைச் சுவரிலிருந்து ஓரடியாவது தள்ளி வைக்க வேண்டும்.

சுவர் காய வாரக்கணக்கில் ஆகும். செங்கல் உறிஞ்சிய தண்ணீர், தண்ணீர் நின்ற கோட்டுக்கு மேலேயும் ஏறியிருக்கும். அவசரப்பட்டு பெயின்ட் அடித்தால் உப்பு பூத்து உரியும். காய்ந்ததா என்று பார்க்க எளிய வழி உண்டு. ஒன்றரை அடிச் சதுர பாலித்தீன் கவரைச் சுவரில் வைத்து, நாலு பக்கமும் டேப் ஒட்டி, ஒரு நாள் விட வேண்டும். உள்பக்கம் நீர்த்துளி இருந்தால் சுவர் இன்னும் காயவில்லை.

சம்ப் தண்ணீரைக் குடிக்கலாமா?

தெருத் தண்ணீர் சம்ப்புக்குள் இறங்கியிருந்தால் குடிக்கவும் சமைக்கவும் கூடாது. வெளியே தண்ணீர் வடிந்த பிறகு முழுக்க இறைத்துத் தேய்த்துக் கழுவ வேண்டும். சுற்றிலும் தண்ணீர் நிற்கும்போதே காலி செய்தால், வெளி அழுத்தத்தில் சம்ப் சுவர் விரிசல் விடலாம். கழுவுவதற்காக உள்ளே இறங்குபவர் தனியாக இறங்கக் கூடாது. மூடி வெகு நேரம் திறந்திருக்க வேண்டும். டீசல் மோட்டாரைச் சம்ப்புக்குள்ளோ, வீட்டுக்குள்ளோ வைத்து ஓட்டக் கூடாது.

புதுத் தண்ணீர் நிரப்பியதும் 1000 லிட்டருக்கு 4 கிராம் என்ற கணக்கில் பிளீச்சிங் பவுடரைத் தனியாகக் கரைத்துத் தெளிவை ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்துப் பயன்படுத்தலாம். குடிக்க என்றால் அதற்குப் பிறகும் காய்ச்ச வேண்டும்.

காய்ச்சல் வந்தால் அலட்சியம் வேண்டாம்

எலிக்காய்ச்சல் கிருமி, எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர் வழியாகக் காலில் உள்ள சின்னக் காயத்தில் கூட நுழையும். அறிகுறி பெரும்பாலும் 5 முதல் 14 நாட்களுக்குள் வரும். காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு, மஞ்சள் காமாலை ஆகியவை கவனிக்க வேண்டியவை. அருகில் உள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், 'வெள்ளத் தண்ணியில நடந்தேன், வீட்டைச் சுத்தம் பண்ணேன்' என்று மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். இந்தத் தகவல்தான் சரியான பரிசோதனைக்கு வழிகாட்டும். தண்டையார்பேட்டையில் தொற்றுநோய் மருத்துவமனையும், பழைய வண்ணாரப்பேட்டையில் ஸ்டான்லி அரசு மருத்துவமனையும் இருக்கின்றன. தடுப்பு மாத்திரையைக் கடையில் தானாக வாங்கிப் போடக் கூடாது. ஆணி, தகரம் கிழித்திருந்தால் டி.டி. ஊசி பற்றிக் கேட்க வேண்டும்.

தூக்கிப் போடும் முன் போட்டோ எடுங்கள்

தண்ணீர் நின்ற கோடு தெரியும்படி சுவர், மெத்தை, சாமான்கள் எல்லாவற்றையும் செல்போனில் படம் எடுத்து வைக்க வேண்டும். நிவாரணம் கேட்கவும், காப்பீடு இருந்தால் இழப்பீடு கேட்கவும் இது உதவும். 2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள 'பாரத் கிருஹ ரக்ஷா' வீட்டுக் காப்பீட்டில் வெள்ளச் சேதமும் அடங்கும். வீட்டுக்குக் கடன் வாங்கியவர்கள், வங்கி ஏற்கெனவே பாலிசி போட்டிருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

நனைந்த சான்றிதழ், பத்திரங்களை வெயிலில் போடாமல், நிழலில் டிஷ்யூ பேப்பர் இடையில் வைத்து ஃபேன் காற்றில் உலர்த்த வேண்டும். ஒட்டிக்கொண்ட தாள்களை இழுத்துப் பிரிக்கக் கூடாது. 2015, 2023 வெள்ளங்களுக்குப் பிறகு, சான்றிதழ் இழந்தவர்களுக்குச் சிறப்பு முகாம்கள் நடத்தப்பட்டன. அப்படி அறிவிப்பு வந்தால் பயன்படுத்திக்கொள்ளலாம்.

பழைய மெத்தையை எங்கே போடுவது?

தெருமுனையிலோ, கால்வாயிலோ போடக் கூடாது. சென்னையின் வடபகுதிக் குப்பை வந்து சேரும் கிடங்கு கொடுங்கையூரிலேயே இருக்கிறது. ஆனால் கால்வாயில் போட்ட மெத்தை கிடங்குக்குப் போகாது. வடிகால் வாயை அடைத்துக்கொண்டு நிற்கும். அடுத்த மழையில் அந்தத் தண்ணீர் மெத்தையைப் போட்டவர் வீட்டுக்கே திரும்பி வரும். மாநகராட்சி எண் 1913-க்குச் சொல்லிப் பெரிய கழிவை எடுத்துப்போகக் கேட்க வேண்டும். வண்டி வரும் வரை, யாரும் எடுத்துப் பயன்படுத்தாதபடி மெத்தையைக் கிழித்து வைப்பது நல்லது.

அடுத்த மழைக்கு முன்னால்...

- பாத்ரூம் வழியாகத் தண்ணீர் ஏறும் வீடுகளில், கழிவுநீர்க் குழாயில் தண்ணீரைத் திரும்ப விடாத வால்வைப் பிளம்பரிடம் சொல்லிப் பொருத்தலாம். அவசரத்துக்கு, பிளாஸ்டிக் கவரில் கட்டிய மணல் மூட்டையை ஓட்டை மேல் வைக்கலாம்.
- மெத்தை, துணி மூட்டை, அரிசி ஆகியவை மழைக்காலம் முழுக்கக் கட்டில் மேலோ, பரண் மேலோ இருக்க வேண்டும்.
- பிளக் பாயின்ட்களை இடுப்பு உயரத்துக்கு மேல் மாற்றிக்கொள்ளலாம். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. பொருத்தினால், கசிவு ஏற்பட்டதும் மின்சாரம் தானாக நின்றுவிடும்.
- ஆதார், ரேஷன் கார்டு, பத்திரங்களை ஜிப் கவரில் போட்டு உயரத்தில் வைக்க வேண்டும்.

அவசர எண்கள்: சென்னை மாநகராட்சி 1913, மின்னகம் 94987 94987, குடிநீர் மற்றும் கழிவுநீர் வாரியம் 1916, ஆம்புலன்ஸ் 108, மாநிலப் பேரிடர் உதவி மையம் 1070.